ஸ்டீல் லைன் போட்டால் பிரேக் கூடுமா?

பிரேக்கின் பலம் அதிகமாகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய பைக் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்த ஆசையில்தான் ரப்பர் ஹோஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்டீல் பின்னல் சுற்றிய லைனை வாங்கி மாட்டுகிறார்கள். லிவரை எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள், லிவரின் அழுத்தத்தில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனும் சக்கரத்தில் டிஸ்கைக் கவ்வும் கேலிப்பரின் பிஸ்டனும் பரப்பளவில் என்ன விகிதம், டிஸ்கில் உரசும் பேட் என்ன ரகம், டிஸ்க் எவ்வளவு பெரிசு, டயர் எவ்வளவு ஒட்டும், இவைதான் வண்டி எங்கே போய் நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன. நடுவில் இருக்கும் குழாய் அந்த அழுத்தத்தை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், அதற்குமேல் அதற்கு வேலை கிடையாது.

ஆனாலும் நான் போட்டேன், இன்னொரு பழைய வண்டி கைக்கு வந்தால் அதற்கும் போடுவேன். என்ன எதிர்பார்த்துப் போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

என்னுடையது எண்பதுகளில் வந்த ஜப்பான் வண்டி. முன்னால் இரண்டு டிஸ்க், மேலே ஒரே மாஸ்டர் சிலிண்டர். பிரேக் பிடிக்கும், பிடிக்காமல் இல்லை, ஆனால் லிவர் கைப்பிடிக்குக் கிட்டத்தில் வந்த பிறகுதான் பிடிக்கும். அதுவரை ஏதோ மெத்தென்ற ஒன்றை அமுக்குகிற உணர்வு. ஒரு கையால் லிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஹோஸைத் தொட்டால் அது விம்முவது விரலுக்கே தெரிந்தது. ஹோஸின் மேல் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தால் வண்டி பிறந்த அதே காலம். ஜப்பான் வண்டிகளின் சர்வீஸ் புத்தகங்களில் பொதுவாகப் பிரேக் ஹோஸை 4 ஆண்டுக்கு ஒருமுறையும் பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்லியிருக்கும். ஆயிலுக்கே இதை யாரும் செய்வதில்லை, ஹோஸை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

இந்த விம்மல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிரேக் ஹோஸ்களுக்கு அமெரிக்காவில் எஃப்எம்விஎஸ்எஸ் 106 என்று ஒரு விதி இருக்கிறது. அதன்படி 3 மி.மீ. அல்லது அதற்குக் கீழே உள்விட்டம் கொண்ட சாதாரண ஹோஸ், 1000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு) அழுத்தத்தில் ஓர் அடி நீளத்துக்கு 0.66 சி.சி. வரை விரியலாம். குறைவாக விரியும் ரகம் என்று விற்றால் 0.33 சி.சி.தான் உச்சம். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 14 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு சுமார் 1.54 சதுர செ.மீ. அப்படியானால் அந்த 0.66 சி.சி.யை நிரப்புவதற்கே பிஸ்டன் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நகர வேண்டும், லிவரின் முனையில் அது பல மடங்காகத் தெரியும். இது ஓர் அடிக்கு மட்டும். இரண்டு டிஸ்க் உள்ள வண்டியில் மொத்தமாக எத்தனை அடி ஹோஸ் ஓடுகிறது என்று கூட்டிப் பாருங்கள். விதியில் இருப்பது உச்ச வரம்பு, நல்ல ஹோஸ் அதற்குள் வசதியாக நிற்கும் என்பது சரிதான். ஆனால் அது புது ஹோஸுக்கு. முப்பது நாற்பது வருடம் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் கிடந்த ரப்பரிடம் அதே ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

விம்முவதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. வெளியில் வெடிப்பே இல்லாமல் ஹோஸ் பளபளவென்று இருக்கும், உள்சுவர் மட்டும் ஊறி உரிந்து ஒரு நாக்கு மாதிரி குழாய்க்குள் தொங்கும். லிவரை அழுத்தும்போது கையின் பலத்தில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு கீழே போய்விடும். விட்டதும் திரும்பி வரும் ஆயிலுக்கு அவ்வளவு வேகம் கிடையாது, அந்த நாக்கு வழியை அடைத்துக்கொள்ளும். விளைவு, பேட் டிஸ்கை விடாது, டிஸ்க் சூடேறும், வண்டியைத் தள்ளினால் கனக்கும். ஆட்கள் கேலிப்பரைப் பிரித்து சீல் மாற்றி, மறுபடியும் அதே தொல்லை வந்து தலையைச் சொறிவார்கள். கேலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் பிளீட் நிப்பிளைத் திறந்தால் பேட் உடனே விட்டுவிடுகிறதா, மேலே ஹோஸ் முனையை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்ஜோ போல்ட்டைத் தளர்த்தினால் விடவில்லையா, அப்படியென்றால் குற்றம் நடுவில் இருக்கும் ஹோஸ்மீதுதான்.

ஸ்டீல் லைன் என்கிறோம், ஆனால் ஆயில் ஓடுவது ஸ்டீலுக்குள் இல்லை. உள்ளே பிடிஎஃப்இ குழாய், அதாவது டெஃப்லான், அதன்மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழைப் பின்னல், அதற்குமேல் நல்ல தயாரிப்பாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் உறை. விரியவிடாமல் இறுக்கிப் பிடிப்பது பின்னல், ஆயிலில் ஊறிக் கெடாமல் இருப்பது பிடிஎஃப்இ. ரப்பர் ஹோஸிலும் பின்னல் உண்டு, துணி இழையால் ஆனது, அவ்வளவு இறுக்கிப் பிடிக்காது.

இங்கே ஒரு நேர்மையான கணக்கு சொல்ல வேண்டும். ஸ்டீல் லைன் மாட்டியவுடன் "அடடா" என்று பலர் எழுதுகிறார்களே, அந்த அடடாவில் பாதிக்கு மேல் ஸ்டீலுக்குச் சேராது என்பது என் கருத்து. அவர்கள் கழற்றியது செத்துப்போன ஹோஸை, ஊற்றியது புது ஆயிலை, வருடக்கணக்கில் உள்ளே தங்கியிருந்த காற்றையும் சேர்த்து வெளியேற்றிவிட்டார்கள். கம்பெனியின் புது ரப்பர் ஹோஸ் போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்கும். பழைய வண்டிக்குப் பல சமயம் அந்தப் புது ரப்பர் ஹோஸ் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பல வருடம் அலமாரியில் கிடந்ததாக இருக்கும், அதனால்தான் ஸ்டீல் பக்கம் போவது எனக்கு நியாயமாகப் படுகிறது. அளவு சொன்னால் அதற்கேற்றபடி செய்து தருகிறார்கள் என்பது அடுத்த வசதி.

லைன் வாங்குவதற்கு முன்னால் லிவர் மெத்தென்று இருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேலிப்பர் நகரும் பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தால் கேலிப்பரே வளைந்து கொடுத்து லிவரை மென்மையாக்கும். பேட் ஒருபக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். டிஸ்க் லேசாக வளைந்திருந்தால் சுற்றும்போது பேட்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அடுத்த முறை லிவர் அந்த இடைவெளியை நிரப்பிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். இதற்கெல்லாம் எந்த லைனும் மருந்தாகாது. என் வண்டியில் கேலிப்பர் சீல், மாஸ்டர் சிலிண்டர் கிட் இரண்டையும் லைனோடு சேர்த்தே மாற்றினேன். எப்படியும் எல்லாவற்றையும் கழற்றுகிறோம், ஆயிலையும் கொட்டுகிறோம்.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம். இதில் மரைதான் முதல் கண்ணி. ஜப்பான் வண்டிகளில் பேஞ்ஜோ போல்ட் பெரும்பாலும் எம்10, அதாவது 10 மி.மீ. விட்டம், பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) 1.25 மி.மீ. பிரெம்போ என்ற கம்பெனியின் கேலிப்பர் உள்ள வண்டிகளில் எம்10, பிட்ச் 1.0. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தப்பானதை மாட்டினால் முதல் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும், "புது போல்ட் அப்படித்தான் இருக்கும்" என்று ஸ்பேனரைப் போட்டால் அலுமினிய உடம்பில் இருக்கும் மரை காலி. அதைவிட ஆபத்து பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வரும் 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 மரை கொண்ட போல்ட். அதன் பிட்ச் 1.06 மி.மீ. பக்கம் வரும், விட்டம் 9.5 மி.மீ., அதனால் எம்10, பிட்ச் 1.0 துளைக்குள் ஒழுங்காகச் சேர்ந்த மாதிரியே திரும்பிப் போகும், ஆனால் மரையின் நுனியில் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். எந்தப் போல்ட்டாக இருந்தாலும் வாஷர் இல்லாமல், வெறும் விரலால், கடைசிவரை ஆட்டமில்லாமல் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லைனை மாட்ட வேண்டும்.

அடுத்தது லைன் எப்படி ஓடப்போகிறது. பழைய இரட்டை டிஸ்க் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே ஹோஸ் இறங்கி வரும், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்க் கட்டைக்கு அருகில் ஒரு இணைப்பில் சேரும், அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து கேலிப்பர்களுக்குப் போகும். ஸ்டீலுக்கு மாறும்போது பலரும் அந்த இணைப்பைத் தூக்கிவிட்டு, மேலேயே நீளமான இரட்டை பேஞ்ஜோ போல்ட் போட்டு இரண்டு முழு லைன்களை நேராக இறக்குகிறார்கள். மூட்டுகள் குறையும், காற்று தங்கும் மூலைகள் குறையும், நானும் அப்படித்தான் செய்தேன். இன்னொரு வழி, ஒரு லைன் மேலிருந்து ஒரு கேலிப்பருக்கு, அங்கிருந்து இரண்டாவது லைன் மட்கார்டைத் தாண்டி மற்ற கேலிப்பருக்கு. பார்க்க அழகு, ஆனால் மட்கார்டுக்கு மேல் வளையும் அந்த உச்சியில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும்.

இணைப்பைத் தூக்குவதற்கு முன் அதில் வேறு ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 1969இல் வந்த ஹோண்டா சிபி750, பெரிய எண்ணிக்கையில் தயாரான வண்டிகளில் முன்னால் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கைக் கொண்டுவந்து மற்றவர்களையும் அந்த வழிக்கு இழுத்த வண்டி. அதில் முன் பிரேக்குக்கான பிரேக் லைட் சுவிட்ச், ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ரகம், அந்த இணைப்பில்தான் இருக்கும். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் முன் பிரேக் பிடிக்கும்போது பின்னால் விளக்கு எரியாது, பின்னால் வருகிறவர் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். பேஞ்ஜோ போல்ட்டிலேயே அழுத்த சுவிட்ச் பொருத்தி விற்கிறார்கள், அதே மரையில் ஒன்றை வாங்கிவிட்டால் தீர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்து சுசுகிகள் சிலவற்றில் ஃபோர்க் அமுங்குவதைக் குறைக்கும் ஆன்டி-டைவ் அமைப்பும் இதே பிரேக் ஆயிலில்தான் ஓடுகிறது, அதற்குத் தனி பிளீட் நிப்பிளும் உண்டு. அதை வைத்துக்கொள்வதா, துண்டித்துவிடுவதா என்பதை லைனுக்கு அளவு சொல்வதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். எழுபதுகளின் பிஎம்டபிள்யூ சிலவற்றில் இன்னும் வேடிக்கை: மாஸ்டர் சிலிண்டர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் இருக்கும், லிவரிலிருந்து அதுவரை கேபிள். அங்கே ஸ்டீல் லைன் போட்டாலும் கேபிள் இழுபட்டு நீள்வது அப்படியேதான் இருக்கும்.

நீளம் எடுப்பதில் அவசரப்படாதீர்கள். பழைய ஹோஸை வைத்து அளந்து சொல்வது எளிது, ஆனால் முன்பிருந்தவர் ஹேண்டில்பாரை மாற்றியிருந்தால் அந்த அளவே தப்பாக இருக்கலாம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க்கை முழுதாக நீளவிட்டு, ஹேண்டிலை இடது வலது இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, எந்த நிலையிலும் லைன் இழுபடாத அளவு எடுக்க வேண்டும். ஒரு பழைய கேபிள் உறையையோ மெல்லிய ஹோஸ் துண்டையோ அந்தப் பாதையில் ஓடவிட்டுப் பார்த்தால் சரியாகத் தெரிந்துவிடும். அப்புறம் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது மிச்ச நீளம் எங்கே போகும், சக்கரத்தில் உரசுமா, மட்கார்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளுமா என்பதையும் பார்க்க வேண்டும். பேஞ்ஜோவின் கோணமும் இதே மாதிரிதான். மேலே 20 டிகிரியா நேரானதா, கீழே 45ஆ 90ஆ என்று நின்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். முனை சுழலாத லைனாக இருந்தால் இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பி நிற்க வேண்டும் என்பதும் முக்கியம், இல்லையென்றால் முறுக்கி மாட்டவேண்டி வரும். முறுக்கிய லைன் நிம்மதியாக இருக்கவே இருக்காது, போல்ட்டைத் தளர்த்தப் பார்த்துக்கொண்டே இருக்கும். வாங்கும்போது அழுத்தம் பார்த்துச் சோதித்த, தர முத்திரை உள்ள லைனாகப் பார்த்து வாங்குங்கள். நான் சொன்ன அதே விதியில் ஹோஸ் 4000 பிஎஸ்ஐயை 2 நிமிடம் தாங்க வேண்டும், ஆட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் 35 மணி நேரம் கிழியாமல் ஓட வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. வீட்டில் நாமே வெட்டி முனை பொருத்தும் கிட்கள் உண்டு, நன்றாகச் செய்பவர்களும் உண்டு. எனக்கு முன் பிரேக்கில் அந்த விளையாட்டு வேண்டாம்.

உறை இல்லாத வெறும் பின்னல் லைன் பார்க்க மினுமினுப்பாக இருக்கும், ஆனால் அது ஓர் அரம். ஃபோர்க், டேங்க் பெயின்ட், ஒயர், மட்கார்டு எதில் பட்டாலும் அறுத்துவிடும். பின்னலுக்குள் புகுந்த மண்ணும் மெல்ல மெல்ல உள்ளே இருக்கும் குழாயைத் தேய்க்கும். உறை போட்டதையே வாங்குங்கள், படும் இடங்களில் ரப்பர் வளையமோ கிளிப்போ கொடுங்கள். கிளிப் லைனைப் பிடிக்க வேண்டும், நெரிக்கக் கூடாது. இன்னொன்று, பிடிஎஃப்இ ஒருமுறை மடிந்துவிட்டால் மடிந்ததுதான். வெளியே நிமிர்த்தி வைத்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே குழாய் நசுங்கிய இடம் அப்படியே இருக்கும். கழுத்தில் மடிந்த லைனைத் தூக்கி எறிந்துவிடுவதுதான் நல்லது.

கழற்றும் வேலை பெரிதில்லை. டேங்கின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஈரத்துணி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், ஆனால் தண்ணீரில் கரையும், சிந்திய உடனே கழுவினால் பிழைத்துக்கொள்ளலாம். பெட்ரோலோ சாதாரண கிரீஸோ எதையும் சீல் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அந்த ரப்பர் ஊதிப்போய்விடும். துடைக்கப் புது பிரேக் ஆயிலே போதும்.

மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தபோது ரிசர்வாயரின், அதாவது மேலே ஆயில் நிற்கும் கிண்ணத்தின், அடியில் பழைய வெல்லப் பாகு மாதிரி பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. அடியில் இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று பெரிசு, ஒன்று ஊசி நுழையவே யோசிக்கும் அளவு சின்னது. அந்தச் சின்னதுதான் எல்லா வில்லங்கத்துக்கும் காரணம். லிவரை விட்ட நிலையில் லைனில் இருக்கும் ஆயில் சூட்டில் விரிந்தால் அது இந்தத் துளை வழியாகத்தான் ரிசர்வாயருக்குத் திரும்ப வேண்டும். அடைத்திருந்தால் வண்டி ஓட ஓடப் பிரேக் தானாகவே இறுகும். காற்று எடுக்கும்போது குமிழி வெளியே வருவதும் இந்த வழியாகத்தான், எனவே இது அடைத்திருந்தால் எவ்வளவு பம்ப் அடித்தாலும் வீண். மெல்லிய ஒற்றை இழைக் கம்பியால் சுத்தம் செய்யலாம், துளையைப் பெரிசாக்கிவிடக் கூடாது. திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஆயில் ஊற்றி லிவரை லேசாகத் தொட்டால் போதும், மேலே ஒரு சின்னப் பீச்சல் எழும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

மாட்டும்போது ஒவ்வொரு பேஞ்ஜோவுக்கும் இரண்டு பக்கமும் வாஷர், செம்போ அலுமினியமோ, புதிதாக இருக்க வேண்டும். இரட்டை போல்ட் என்றால் மூன்று. அப்படியானால் இரண்டு முழு லைன் அமைப்புக்கு மொத்தம் ஏழு, கூடுதலாக இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும், எஃகு போல்ட்டுக்கு 23இலிருந்து 35 நியூட்டன் மீட்டருக்குள் ஏதாவது ஒன்றை உங்கள் சர்வீஸ் புத்தகம் சொல்லும், அலுமினிய போல்ட் என்றால் அதைவிடக் குறைவு. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் செய்யாதீர்கள். நடுவில் துளை போட்ட போல்ட் அது, கை பலத்தைக் காட்டினால் கழுத்திலேயே முறிந்துவிடும்.

இனி காற்று எடுப்பது. மொத்த வேலையில் நேரத்தைத் தின்றது இதுதான். வழக்கமாக ஆயில் மாற்றும்போது லைன் நிறைந்தே இருக்கும், பழையதைத் தள்ளிப் புதியது உள்ளே வரும், அவ்வளவுதான். காலி லைன் வேறு ரகம். லிவர் ஒரு அழுத்தத்தில் தள்ளும் ஆயில் கொஞ்சம், குழாயில் இருக்கும் காற்று நிறைய, காற்று சுருங்கிக்கொடுத்துவிட்டு மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அரை மணி நேரம் லிவரை அடித்துக்கொண்டே இருந்தாலும் எதிர்ப்பே வராது. என் நண்பன் பக்கத்தில் நின்று, "டேய், மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும்டா, கழற்று" என்று ஆரம்பித்துவிட்டான். போகவில்லை, மேலே காற்று உட்கார்ந்திருந்தது.

காற்று மேலே போகும், நாமோ கீழே கேலிப்பர் வழியாக இழுக்கிறோம், அதனால் கீழிருந்து ஏற்றுவது புத்திசாலித்தனம். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து, அதிலேயே காற்று இல்லாமல் தட்டி எடுத்துவிட்டு, ஒளிபுகும் டியூப் வழியாகப் பிளீட் நிப்பிளில் மாட்டி மெல்லத் தள்ளினால் ஆயில் லைனை நிரப்பிக்கொண்டே மேலே ஏறிக் குமிழிகளை ரிசர்வாயருக்குள் துப்பும். மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ரிசர்வாயர் நிரம்பி வழிந்தால் ஈரத்துணியை விரித்தது வீண்போகாது. ஒரு பக்கம் முடித்து நிப்பிளை மூடிவிட்டு மறுபக்கம். அதன்பிறகு ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டர்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும்படி வைத்து, லிவரைச் சில மில்லிமீட்டர் மட்டும் தொட்டுத் தொட்டு விடுங்கள். லைனை விரலால் தட்டிக்கொண்டே இருங்கள். ரிசர்வாயரில் ஊசி முனை அளவு குமிழிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும், பொறுமை இருந்தால் போதும். மேலே பேஞ்ஜோ மூட்டில் மாட்டிக்கொண்ட காற்று மட்டும் கீழேயும் வராது, மேலேயும் ஏறாது. சுற்றிலும் துணி வைத்து, லிவரை அழுத்திப் பிடித்தபடி அந்தப் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, புஸ் என்று வந்ததும் லிவரை விடுவதற்கு முன் இறுக்க வேண்டும். எனக்கு லிவர் உயிர் பெற்றது இந்த இடத்தில்தான்.

கடைசியில் வழக்கமான முறை: அழுத்து, நிப்பிளைத் திற, மூடு, லிவரை விடு. பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்திருப்பவர்கள் லிவரைக் கைப்பிடிவரை முழுக்க அமுக்காதீர்கள். பிஸ்டன் தினமும் ஓடும் தூரம் வரைதான் உள்சுவர் வழவழப்பாக இருக்கும், அதற்கு அப்பால் துருவும் படிவும் இருக்கலாம், சீல் அங்கே போனால் கிழியும். நடுவில் ஒரு மரத்துண்டு வைத்துக்கொண்டால் தீர்ந்தது. வெற்றிடப் பம்ப் வைத்து இழுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, டியூபில் குமிழி நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால் பல சமயம் அது உள்ளேயிருந்து வருவதில்லை, நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றை நீங்கள்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரவு முழுக்க லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது வேலை செய்கிறது. அழுத்தத்தில் குமிழிகள் சுருங்கி, ஒட்டியிருந்த மூலையை விட்டு மெல்ல மேலே ஏறுகின்றன, காலையில் கட்டை அவிழ்த்ததும் ரிசர்வாயருக்குப் போய்விடுகின்றன. இரவில் இன்னொரு உபகாரமும் நடக்கும், எந்த மூட்டிலாவது கசிவு இருந்தால் அழுத்தத்தில் கிடந்தபடியால் காலையில் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். மூட்டுகளுக்குக் கீழே வெள்ளைத்தாள் வைத்துப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது.

ஆயில் விஷயத்தில் ரிசர்வாயர் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே கிளைகால் குடும்பம். டாட் 5 என்பது சிலிக்கோன், எண் அடுத்து வருகிறதே என்று அதை இவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது, ஈரம் 3.7 சதவீதம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறவர்களுக்கு லைன் ரப்பரா ஸ்டீலா என்பதைவிட இந்த எண்தான் முக்கியம். கொதித்து ஆவியான ஆயில் எந்த லைனில் இருந்தாலும் லிவர் கைப்பிடிக்கு வந்து சேரும்.

எல்லாம் முடிந்து, வண்டியை நகர்த்துவதற்கு முன் பேட் டிஸ்கைத் தொடும்வரை லிவரை அழுத்திக்கொள்ளுங்கள், பிஸ்டனைத் தள்ளி வைத்திருந்தால் முதல் பிடியில் ஒன்றும் இருக்காது. ஹேண்டிலை மீண்டும் இரண்டு பக்கமும் திருப்பி, ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, காலி இடத்தில் நடை வேகத்தில் தொடங்கினேன்.

லிவர் இப்போது பாதி தூரத்துக்கு முன்பே நிற்கிறது, நின்ற இடத்திலிருந்து அழுத்தினால் அழுத்திய அளவுக்குப் பிடிக்கிறது. முன்பு எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் கை சொல்லாது, வண்டி குறையும் வேகத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும், இப்போது விரலுக்கே தெரிகிறது. ஈரமான சாலையில் அதுதான் பெரிய லாபம், சக்கரம் வழுக்கும் எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதைக் கண்டுகொண்டு கொஞ்சம் விடமுடிகிறது. கை பலம் மட்டும் குறையவில்லை, அதே அளவு அழுத்த வேண்டியிருக்கிறது, சொல்லப்போனால் லிவர் கட்டையாக இருப்பதால் சிலருக்குக் கூடுதலாக அழுத்துவதாகக்கூடத் தோன்றலாம். அப்படித் தோன்றியதும் பெரிய மாஸ்டர் சிலிண்டர் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிஸ்டன் விட்டம் கூடினால் லிவர் இன்னும் கட்டையாகும், அதே பிடிக்கு இன்னும் பலமாக அழுத்த வேண்டும், அவர்கள் தேடுவதற்கு நேர் எதிர்.

பின் பிரேக்குக்கு நான் ஸ்டீல் போடவில்லை. ஒற்றை டிஸ்க், ஓர் அடியும் கொஞ்சமும்தான் ஹோஸ், புது ரப்பரே கிடைத்தது, அதை மாட்டினேன். பின் சக்கரம் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போய்விடுவதால் எளிதில் பூட்டிக்கொள்ளும். பூட்ஸ் போட்ட காலுக்கு விரலின் நுணுக்கம் கிடையாது, அங்கே பெடல் கொஞ்சம் மெத்தென்று இருப்பது எனக்கு வசதியாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் போட்டுக்கொள்ளலாம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் போகும் தூரத்தை மட்டும் நீளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.